பேர் வேண்டாம், ஆண்டவருக்குத் தெரியும்

ஈவாஞ்சலின் டீச்சருக்கு இரகசியம் என்றால் உயிர். கேட்பதற்குத்தான், வைத்துக்கொள்வதற்கு அல்ல. கல்யாணமான நாள் முதலாய்த் தூத்துக்குடியில் குடியிருந்தும், வாயை மூடிக்கொண்டு கிடக்கிற சிப்பியிடம் அவள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று புருஷன் சத்தியராஜ் சொல்வார். நான் பிறந்தது நாசரேத், அங்கே கடலும் இல்லை, சிப்பியும் இல்லை என்பாள் அவள். இந்தப் பதிலையும் அவர்கள் குடியிருக்கிற பிரையண்ட் நகரில் நாலு வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பாள். தன்னைத் தானே கேலி செய்வதில் அவளுக்குக் கூச்சம் கிடையாது. அதுவும் ஒரு பேச்சுத்தானே.

பள்ளிக்கூடத்தில் அவள் இயற்பியல் டீச்சர். அழுத்தம் என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விசையைப் பரப்பால் வகுத்துக் காட்டிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வாள். போன வருஷம் அவளை மதுரைக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். வளரிளம் பருவத்துப் பிள்ளைகளின் மனநலம். ஏசி ஹால், மத்தியானம் பிரியாணி, கடைசியில் சர்டிபிகேட். போய்வந்ததிலிருந்து மன அழுத்தமும் அவளுக்கு அத்துப்படி ஆயிற்று. கோயிலில் பெற்றோர் கூட்டம் என்றால் அவளைத்தான் பேசக் கூப்பிட்டார்கள். ‘பிள்ளைகளின் மனதைப் புரிந்துகொள்வோம்’ என்பது தலைப்பு. ‘பிள்ளை பேச ஆரம்பித்தால் காதைக் கொடுங்கள், வாயைக் கொடுக்காதீர்கள்’ என்று முடிப்பாள். அந்த இடத்தில் கைதட்டு விழும். கோயில் கமிட்டியில் இருக்கிற தனராஜ் அண்ணாச்சி ஒரு தடவை எழுந்து நின்றே தட்டினார். அவளே யோசித்துச் செய்த வாக்கியம் அது. அடுத்தவர்களுக்காகச் செய்தது.

அவளுக்கு ஒரே பிள்ளை, ஜாபேஸ். பிளஸ் டூ படிக்கிறான். அம்மா வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் எனக்கு வேண்டாம் என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டதால் வேறு பள்ளிக்கூடம். காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு காலையில் எழுந்தால் அவனுக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை வராது, திங்கட்கிழமை வந்துவிடும். சத்தியராஜுக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுக்கும் ஏஜென்சியில் உத்தியோகம். எது தேங்கி நின்றாலும் எங்கேயோ ஒரு சீல் விழவில்லை என்றுதான் அவருக்குத் தோன்றும். “வாயுவா இருக்கும்” என்று ஓமவாட்டர் வாங்கி வந்தார். ஈவாஞ்சலின், செல்போன்தான் காரணம் என்றாள். பயிற்சியில் கொடுத்த புத்தகத்தில் போட்டிருந்த அறிகுறிகளில் பாதி அவள் வீட்டிலேயே காலை ஏழு மணிக்குப் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவள் வெளியே நின்று, “ஏலே, பஸ்ஸு வந்துரும்லே!” என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் டியூஷன் முடித்து ஸ்கூட்டரில் கூட்டிவரும்போது அவன் பின்னாலிருந்து, “ம்மா, ஹார்பர் பீச் வரைக்கும் போவமா?” என்று கேட்டான். வீட்டில் மாவு ஆட்ட வேண்டும், பேப்பர் திருத்த வேண்டும். எதனாலோ அன்றைக்கு அதையெல்லாம் சொல்லாமல் வண்டியைத் திருப்பினாள். தூரத்தில் கப்பல்கள் உள்ளே வர முறைக்காகக் காத்து நின்றன. மணலில் உட்கார்ந்தவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கப்பலைப் பார்த்தே பேசினான்.

“கிளாஸ்ல உக்காந்திருக்கும்போதே திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்கும்மா. மூச்சு உள்ள போவ மாட்டேங்கு. கை ரெண்டும் மரத்துப் போவுது. செத்துருவேன்னே தோணும். கொஞ்ச நேரத்துல தன்னால சரியாயிரும். ஆனா மறுபடி எப்ப வரும் எப்ப வரும்னு அதே நெனப்பா இருக்கு. ஸ்கூல் கேட்டப் பாத்தாலே பயமா இருக்கு.”

ஈவாஞ்சலின் வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அபூர்வமான சம்பவம் அது. அவன் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அது சில்லென்று இருந்தது.

“இவ்வளவு நாளா ஏன்லே சொல்லல?”

“சொன்னா நீ பேச ஆரம்பிச்சிருவ.”

அவள் மறு கையால் ஒரு சிப்பியை மணலில் புதைத்தாள்.

“யார்ட்டயும் சொல்லக் கூடாது. அப்பாட்ட நானே சொல்லுதேன். சத்தியம் பண்ணு.”

“நம்ம சத்தியமெல்லாம் பண்ணக் கூடாதுலே, வேதத்துல போட்டிருக்கு. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. அவ்வளவுதான்.”

“சரி. ஆமாவா?”

“ஆமா.”

அன்று ராத்திரி சாப்பாட்டில் அவன் இரண்டாவது தோசை கேட்டு வாங்கினான். அதைப் பார்த்து அவளுக்கு அழுகை வரப் பார்த்தது. கூடவே கொஞ்சம் பெருமையும். ஊரில் எத்தனை வீட்டில் பிள்ளைகள் தாயிடம் வாய் திறக்கின்றன? தன் பிள்ளை திறந்துவிட்டான். பயிற்சி வீண்போகவில்லை. இதை யாரிடமும் சொல்ல முடியாதே என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே மனக்குறை.

வெள்ளிக்கிழமை தேவகனி அக்காள் வீட்டில் பெண்கள் ஜெபம். தேவகனி அக்காள்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைமை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கணீரென்ற குரல், பாசமான மனுஷி. அங்கே வருகிற பெண்கள் ஒருத்தரும் புறணி பேச மாட்டார்கள். புறணி பாவம். ஆனால் பாட்டு முடிந்து, வேத வாசிப்பு முடிந்து, ஜெபத்துக்கு முன்னால், “ஜெபக்குறிப்பு இருந்தா சொல்லுங்க” என்று ஒரு நேரம் உண்டு. அப்போது எதையும் சொல்லலாம். யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு சாத்தான்குளம் போய்விட்டாள், யார் மகனுக்கு வெளிநாட்டில் வேலை போய்விட்டது, எல்லாம் சொல்லலாம். பெருமூச்சோடு சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பெயர் சொல்லக் கூடாது என்பது ஒழுங்கு. “பேர் வேண்டாம், ஆண்டவருக்குத் தெரியும்” என்று ஆரம்பிப்பார்கள். முடிப்பதற்குள் ஆண்டவருக்குத் தெரிந்த அளவு மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஈவாஞ்சலின் அன்று வாய் திறப்பதில்லை என்ற முடிவோடுதான் போனாள். முதல் இரண்டு பாட்டு வரைக்கும் முடிவு நின்றது. பிறகு ஒரு எண்ணம் வந்தது. ஆண்டவரிடம் சொல்லுவது ‘யாரிடமும்’ என்பதில் சேருமா? சேராது. பலபேர் சேர்ந்து ஜெபித்தால் பிள்ளைக்குத்தானே நல்லது? நல்லதுதான். அவள் பரீட்சைத்தாள் திருத்தும்போது இப்படி ஒரு விடையை எந்தப் பிள்ளை எழுதியிருந்தாலும் குறுக்கே கோடு போட்டிருப்பாள்.

“ஒரு குறிப்புக்கா” என்றாள். “பேர் வேண்டாம், ஆண்டவருக்குத் தெரியும். ஒரு பையன். பிளஸ் டூ படிக்கான். கிளாஸ்ல உக்காந்திருக்கும்போதே நெஞ்சு படபடன்னு வந்துருது, மூச்சு முட்டுது, பள்ளிக்கூடம்னாலே பயப்படுதான். ஒரே பிள்ளை. தகப்பனார் ஹார்பர் பக்கம் வேலை. தாயார் படிச்சவ, டீச்சராத்தான் இருக்கா, இருந்தும் அவளுக்கு என்ன செய்யன்னு தெரியல…”

இந்த இடத்தில் அந்தத் தாயார் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அறையில் ஒருத்தரும் யார் வீட்டுப் பையன் என்று கேட்கவில்லை. நாகரிகமான பெண்கள். தேவகனி அக்காள் கண்ணை மூடி உருக்கமாக ஆரம்பித்தாள். “ஆண்டவரே, பேர் தெரியாத அந்தப் பிள்ளைக்காக வாரோம். இந்த ஜாபேஸை… அந்தப் பையனை… உம்முடைய கரத்துல ஒப்புக்கொடுக்கோம்.”

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஈவாஞ்சலினும் சொன்னாள். பிறகு டீயும் மக்ரூனும் வந்தன. அவள் மனப்பாரம் இறங்கினது போல இருந்தது. இறங்கின பாரம் எங்கே போய் உட்காரப் போகிறது என்று அவள் யோசிக்கவில்லை. இரண்டாவது மக்ரூனை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஜாபேஸ் நன்றாகத்தான் இருந்தான். தலையில் ஜெல் தடவி முடியைத் தூக்கி விட்டிருந்தான். வேப்பமரத்தடியில் தேவகனி அக்காள் அவனைப் பிடித்து, தலையில் கையை வைத்து அழுத்தி, “உனக்காக ஜெபிச்சிக்கிட்டே இருக்கோம், ராசா” என்றாள். அவன் விழித்தான். பின்னாலேயே இன்னொரு ஆன்ட்டி வந்து கன்னத்தைத் தடவிவிட்டு, “ராத்திரி தூக்கம் வருதாய்யா?” என்று கேட்டாள். மூன்றாவது ஆன்ட்டி ஒன்றும் கேட்காமல் கண்கலங்கினாள். அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. முடி எல்லாம் படிந்து அவன் ஞானஸ்நானம் எடுத்து வந்தவன் மாதிரி நின்றான்.

அதற்குள் தனராஜ் அண்ணாச்சி வந்து முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “ஏலே, ஆம்பளப் பிள்ள பள்ளிக்கூடத்துக்குப் பயப்படலாமா? எங்க காலத்துல வாத்தியாருதான் எங்களப் பாத்துப் பயப்படுவாரு!” என்று சிரித்துவிட்டுச் சத்தியராஜ் பக்கம் திரும்பினார். “என்ன தம்பி, பையனுக்கு நெஞ்சு படபடப்பாமே. ஹார்ட் டாக்டர்ட்ட காட்டினியளா?”

சத்தியராஜ் மகனைப் பார்த்தார். மகன் அம்மாவைப் பார்த்தான். ஈவாஞ்சலின் வேப்பமரத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து அவன் கத்தவில்லை. கதவை அறைந்து சாத்தவுமில்லை. செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, “ஆமான்னா ஆமான்னு சொன்னியே” என்று மட்டும் கேட்டான். பிறகு அறைக்குள் போய்க் கதவை மெதுவாகச் சாத்தினான். தாழ்ப்பாள் போடுகிற சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்டது. அவன் கத்தியிருந்தால் அவள் பதிலுக்குக் கத்தி, அழுது, மத்தியானத்துக்குள் ஒரு வழி பண்ணியிருப்பாள். இதற்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“என் பிள்ளைக்கு என்னன்னு தனராஜ் அண்ணாச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?” என்றார் சத்தியராஜ்.

“அவனே உங்ககிட்ட சொல்லுதேன்னு சொன்னான். அதான் நான் சொல்லல.”

“நல்லா இருக்குளா. என்கிட்ட மட்டும் சொல்லல, என்ன?” அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். “மதுரைக்குப் போனியே, அங்க என்னதான் சொல்லிக் குடுத்தாவ?”

“பிள்ள பேசுற வரைக்கும் பொறுமையா காத்திருக்கணும்னு.”

“அவன்தான் பேசிட்டானே.”

“அதுக்குப் பொறவு என்ன செய்யணும்னும் சொன்னாவ” என்றாள் ஈவாஞ்சலின் மெல்ல. “நான்தான் அதைக் கைதட்டுக்குன்னு வச்சிருந்தேன்.”

மறுநாள் ஜாபேஸ் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. தட்டை அறைக்குள் வாங்கிச் சாப்பிட்டான், அதுவும் அப்பா கையிலிருந்து. அவள் ஏதாவது கேட்டால் “ம்” என்றான். பிளஸ் டூ போய்விடுமே என்பது அவளுடைய முதல் பயமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லாமல் கிடக்கவே அந்தப் பயம் எங்கோ போய் வேறு பயம் வந்தது. இனி உள்ளே என்ன நடந்தாலும் அவன் யாரிடமும் சொல்ல மாட்டான். சொன்னால் என்ன ஆகும் என்று அவன் ஒரு தடவை பார்த்துவிட்டான். அந்த ஒரு தடவை நானாக இருந்தேனே என்று அவள் சமையலறையில் நின்று மனசு விட்டு அழுதாள்.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்கப் போனாள். கதவுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “ஜாபேஸ், அம்மா சொல்றதக் கேளு. முதலாவதாக…” என்று ஆரம்பித்தாள். ‘முதலாவதாக’ என்ற சொல் அவள் காதிலேயே விழுந்தது. பெற்றோர் கூட்டத்தில் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அவள் சொல்லுகிற முதல் சொல் அது. நல்லவேளையாக இரண்டாவதாகவுக்குப் போகுமுன் நிறுத்திவிட்டாள். வாயில் நிறைய இருந்தது. நான் உன் நன்மைக்குத்தான், தாய் மனசு, பத்து மாசம், எல்லாம் வரிசையாக நின்றன. அவற்றை ஒவ்வொன்றாக விழுங்குவது மாத்திரை விழுங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“தப்பு என்னுது” என்றாள். “அவ்வளவுதான்லே.”

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

“ஒரு டாக்டரம்மா இருக்காவ. மனசுக்குப் பாக்குறவுக. உன்னக் கூட்டிட்டுப் போகட்டுமா?”

சத்தம் இல்லை. அவள் பேசவில்லை. ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. டீ ஆறி ஆடை படிகிற நேரத்துக்கு ஒரு குரல் வந்தது.

“நான் டாக்டர்ட்ட பேசும்போது நீ உள்ள வரக் கூடாது.”

“வரல.”

“என்ன பேசினேன்னு கேக்கக் கூடாது.”

இதுதான் கஷ்டம். “கேக்கல” என்றாள்.

“ஆமாவா?” என்று அவன் கேட்கவில்லை. அவள் ஆமாவுக்கு இப்போது அந்த வீட்டில் விலை இல்லை. அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

டாக்டர் சந்தனச்செல்விக்கு ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் ஊர். கிளினிக் ஒரு மாடியில் இருந்தது. ஒரு பக்கம் பல் டாக்டர், எதிர்ப்பக்கம் இவர், நடுவில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு ஹால். யாரும் வராத மத்தியான நேரமாகப் பார்த்து, மாஸ்க் போட்டு, முந்தானையால் தலையையும் மூடிக்கொண்டு ஈவாஞ்சலின் படியேறினாள். மற்ற நேரத்தில் அவளைக் கவனிக்காதவர்களும் அந்தக் கோலத்தைத் தெருவிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். ஜாபேஸ் இரண்டு படி தள்ளியே ஏறி வந்தான்.

டாக்டர் இருவரையும் நிறுத்தி வைத்தே முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார். “தம்பி சொல்றதெல்லாம் இந்த ரூமுக்குள்ள இருக்கும். அவன் உயிருக்கு ஆபத்துங்கிற மாதிரி எதாச்சும் இருந்தா மட்டும் அம்மாட்ட சொல்லுவேன். அதயும் அவன்ட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். மத்தபடி அவனா சொன்னாத்தான் உண்டு. சரிதானா டீச்சர்?”

“சரிதான்” என்றாள் டீச்சர். கதவு சாத்திக்கொண்டது.

‘மனநல மருத்துவர்’ என்ற போர்டுக்குக் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டால் கேட்டிருக்கலாம். அவள் எழுந்து போய் ஃபேனை வேகமாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தான் செய்த நல்ல காரியங்களில் ஒருவருக்கும் தெரியாமல் போனது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது எதிர்ப்பக்கத்துக் கதவு திறந்தது. ஒரு கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு தேவகனி அக்காள் வெளியே வந்தாள்.

“ஏளா ஈவா! நீயா? இங்கன என்ன செய்யுத?” பல் பிடுங்கின வாயில் பஞ்சு இருந்தது. பஞ்சையும் மீறிக் குரல் கணீரென்றுதான் வந்தது.

பல்வலி என்று சொல்லிவிடலாம் என்றுதான் ஈவாஞ்சலின் நினைத்தாள். ஆனால் தேவகனி அக்காளின் கண் அதற்குள் மேலே போர்டைப் படித்து, சாத்தியிருந்த கதவைப் பார்த்து, திரும்பி வந்துவிட்டது.

“பையனுக்காளா?” குரலைத் தாழ்த்தி, முழு அன்போடு கேட்டாள். “அவ்வளவு முத்திப்போச்சா?”

ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும். அக்காள் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போடுவாள். நாலு நாளாகத் தொண்டையில் நிற்கிறதெல்லாம் கொட்டிவிடலாம். ஈவாஞ்சலினுக்கு அந்தத் தோள் வேண்டியிருந்தது. உண்மையிலேயே வேண்டியிருந்தது.

“இல்லக்கா” என்றாள். “எனக்குத்தான்.”

“உனக்கா?”

“ஆமாக்கா. எனக்குத்தான் பாக்க வந்தேன். ராத்திரி தூக்கம் கிடையாது. நெஞ்சு படபடன்னு அடிக்கு. அன்னைக்குச் சொன்ன குறிப்புகூட… பையன்னு சும்மா மாத்திச் சொன்னேன். என்னப் பத்தித்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகவே பயமா இருக்கு.” சொல்லச் சொல்லப் பொய் நின்று, தூக்கம் இல்லாததும் படபடப்பும் மெய்யாகவே வாயிலிருந்து வந்துகொண்டிருந்தன. கண்ணீரும் நிஜமாகவே வந்தது. “பையன் பாவம், எனக்குத் துணைக்கு வந்தான்.”

தேவகனி அக்காள் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள். பல்வலி பறந்துபோயிற்று. “அப்ப அவனுக்கு ஒண்ணும் இல்லியா? நாங்க எல்லாம் பிள்ளய வேற…” என்றவள் நிறுத்திக்கொண்டாள். “ஈவா, நீ கவலப்படாத. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்.”

“தெரியும்க்கா.”

“ஜெபத்துல மட்டும் வச்சிருதேன். பேர் சொல்லாம.”

“வையுங்கக்கா” என்றாள் ஈவாஞ்சலின். கோயிலில் பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் அவளுக்கு இருந்த செயலாளர் பதவி, பெற்றோர் கூட்டத்து மைக், எல்லாம் அந்த ஒரு சொல்லில் படியிறங்கிப் போவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

திரும்பினால் கதவு திறந்திருந்தது. ஜாபேஸ் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தான், தேவகனி ஆன்ட்டியைப் பார்த்தான். முகத்தை ரொம்பப் பொறுப்பாக வைத்துக்கொண்டான்.

“ம்மா, டாக்டர் உன்னக் கூப்பிடுதாவ” என்றான். பிறகு அவள் முழங்கையைத் தாங்கலாகப் பிடித்து, “மெதுவா எந்திரி” என்றான்.

தேவகனி அக்காள் இதைப் பார்த்து உருகிப்போனாள்.

உள்ளே டாக்டர் அவன் பேசியது எதையும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டிருந்ததால் கேட்கவும் முடியவில்லை. “இது பயந்தாங்கொள்ளித்தனம் இல்ல டீச்சர்” என்றார் டாக்டர். “உடம்புல ஒரு ஆபத்து மணி இருக்கு. இவனுக்கு அது ஆபத்து இல்லாமலே அடிக்கு. மணி அடிச்சா என்ன செய்யணும்னு பழகிக்கிடலாம். ரத்தம், ஈசிஜி ஒரு தடவ பாத்துருவோம். வாரம் ஒருக்க வரட்டும். ஸ்கூல்ல கதவு பக்கத்துல சீட்டுக் கேளுங்க, வேணும்னா எந்திரிச்சு வெளிய போய்ட்டு வரட்டும். காரணம் என்ன சொல்லலாம்னு அவன்ட்டயே கேட்டுக்கிடுங்க.”

“நான் வேற என்ன செய்யணும்?”

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். “வெளிய ஃபேன வேகமா வச்சியள்லா, சத்தம் இங்க கேட்டுது. அந்த மாதிரி” என்றார்.

வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு ஈவாஞ்சலின் போகவில்லை. போகவேண்டிய அவசியமும் இல்லை, குறிப்பு போய்ச் சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். தேவகனி அக்காள் தலையில் கை வைத்து அழுத்தினாள். அடுத்த ஆன்ட்டி, “தூக்கம் வருதா டீச்சர்?” என்று கேட்டாள். மூன்றாமவள் இன்றைக்கும் ஒன்றும் கேட்காமல் கண்கலங்கினாள், அதைப் பார்த்து ஈவாஞ்சலினுக்கு உள்ளபடியே குலை நடுங்கியது. தனராஜ் அண்ணாச்சி மட்டும் முதுகில் தட்டாமல் மரியாதையாகத் தள்ளி நின்றார். “அடுத்த மாசப் பேரன்ட்ஸ் மீட்டிங்குல நீங்க ரெஸ்ட் எடுத்துக்கிடுங்கம்மா. அந்தத் தலைப்புல தேவகனி அக்காவே பேசுறேன்னுட்டாவ” என்றார். “அந்தக் காது, வாய் வாக்கியத்த மட்டும் அவுகளுக்குச் சொல்லிக் குடுத்துருங்க.”

ஜாபேஸ் பக்கத்தில் நின்றான். ஒருத்தரும் அவனைத் தொடவில்லை. ஜெல் போட்ட முடி தூக்கினபடியே இருந்தது.

“எப்படிம்மா இருக்கு?” என்று வாயசையாமல் கேட்டான்.

“கொண்ட போச்சுலே” என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயில் வாசல் என்றும் பாராமல் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். துணைக்கு வந்த பையன் இப்படிச் சிரிக்கலாமா என்று இரண்டு பேர் முறைத்தார்கள். ஈவாஞ்சலின் கலைந்த கொண்டையோடு நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. திங்கட்கிழமை வயிற்றுவலி வரத்தான் செய்தது. அவன் பள்ளிக்கூடம் போனான், இரண்டாவது பாடவேளையில் எழுந்து வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தான், திரும்ப உள்ளே போனான். இதை அவன் அப்பாவிடம் சொன்னான். அப்பா அவளிடம் சொல்லவில்லை. ஓமவாட்டர் வாங்குவதையும் அவர் நிறுத்திவிட்டார். பிறகொரு நாள் அவனே போகிறபோக்கில் அவளிடம் சொன்னான். அவள் “ம்” என்றாள். அந்த ஒரு எழுத்தோடு நிறுத்துவதற்கு அவள் பட்ட பாட்டை அடுப்பில் பொங்கி வழிந்த பால் பார்த்தது.

டிசம்பர் பிறந்து, தெருவில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் கட்டியிருந்த ஒரு சாயங்காலம், டியூஷன் முடிந்து வரும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து, “ம்மா, ஹார்பர் பீச் வரைக்கும் போவமா?” என்றான்.

அவள் வண்டியைத் திருப்பினாள். கப்பல்கள் நின்றன. அவன் மணலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினான். பிறகு இன்னொரு விஷயம் சொன்னான். முன்னே சொன்னதைவிடப் பெரிய விஷயமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இந்தத் தடவை கப்பலைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னான். சத்தியம் பண்ணு என்று கேட்கவில்லை. ஆமாவா என்றும் கேட்கவில்லை.

அவன் என்ன சொன்னான் என்று இங்கே எழுதலாம்தான். ஆனால் ஈவாஞ்சலின் அதை வெள்ளிக்கிழமை ஜெபத்திலும் சொல்லவில்லை, தேவகனி அக்காளிடமும் சொல்லவில்லை, சத்தியராஜிடம்கூடச் சொல்லவில்லை. அதனால் இந்தக் கதையைச் சொல்லுகிறவருக்கும் அது தெரியாது.